தையல் வகுப்புக்கு நான் மடித்த முக்கோணங்கள்

மகள் தையல் வகுப்புக்காக ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறாள். சதுரத் துணிகளை முக்கோணமாக மடித்து, இதழ்கள்போல் மேலே தூக்கி நிற்கும்படி தைக்க வேண்டுமாம். இன்று பிற்பகலுக்குள் காட்டாவிட்டால் கண்காட்சியில் இடமில்லை.

"வாப்பா, மடிச்சு மட்டும் தாங்க. நான் தைக்கிறேன்."

மாத்தளை டவுனில் சிற்றுண்டிக் கடை வைத்திருப்பவனுக்கு இது ஒரு வேலையா? தட்டு நிறைய மடித்துவிட்டேன்.

அவள் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஓரம் எங்க வாப்பா? அது வெளிய இருந்தாத்தானே போர்வையில வெச்சுத் தைக்கலாம்!"

சமோசா மடித்த பழக்கத்தில், எண்ணெய் புகாதபடி எல்லா ஓரத்தையும் உள்ளே செருகி அடைத்திருந்தேன்.

"இறைச்சி வெச்சீங்களா, மறந்துட்டீங்களா?" என்றாள் மனைவி.

மகள் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். நான் பிரித்துக் கொடுக்க, அவளே மறுபடி மடித்தாள். என்னை இஸ்திரி போட வைத்தாள். வகுப்பு தொடங்கும் நேரத்தில்தான் கடைசித் தையல் முடிந்தது.

போர்வை கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டது. "மடிப்பு எல்லாம் நீங்களே செஞ்சதா?" என்று டீச்சர் கேட்டாராம்.

"ஆமா டீச்சர். வாப்பா இஸ்திரி மட்டுந்தான் போட்டாரு" என்றாளாம்.

உண்மைதான். பிள்ளைக்கு உதவப் போய்ப் பதவி இறங்கிய வேறு வாப்பாமார் யாராவது இங்கே இருக்கிறீர்களா?