பூட்டுக் கடையின் மொட்டை மாடி

தொண்ணூறுகளில் எனக்கொரு கிறுக்கு: கோயமுத்தூரின் நெரிசலான தெருக்கள் கொஞ்சம் மூச்சுவிடும் நொடியைப் படம் பிடிப்பது. டவுன்ஹால் பக்கம் ஒரு சந்து, வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்கு அரைமணி நேரம் காலியாகும். அதை மேலிருந்து எடுக்க, அங்கே பூட்டுக் கடை வைத்திருந்த பாயிடம் அனுமதி கேட்டேன்.

“போயி எடுங்க, வெரசா எறங்கிருங்க. தொழுதுபோட்டு அப்படியே பெருந்துறைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறனுங்க. நாளைக்குத்தான் வருவேன்” என்றார். நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினேன்.

சந்து காலியானது. ஃபிலிமில் மிச்சம் ஒரே ஒரு படம். கட்டட நிழல் நடுத்தெருவுக்கு வரட்டும் என்று காத்திருந்தபோது கீழே ‘ணங்’ என்றது. ஓடிப் போய்ப் பார்த்தால், மாடிப்படியின் இரும்புக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு, வெளிப்பக்கம். பூட்டு விற்கிறவர் பூட்டினால் அது லேசில் திறக்குமா?

நாளை வரை உயிர்வாழத் திட்டம் போட்டேன். தண்ணீருக்குத் தொட்டி இருந்தது. அதில் ஒரு காக்கை குளித்துக்கொண்டிருந்தது. குதிக்கலாமா என்று எட்டிப் பார்த்தேன். முழங்கால் இரண்டும் ஒருமனதாக மறுத்துவிட்டன. ‘காப்பாத்துங்க’ என்று கத்த வெட்கம். அதனால் “ஏனுங்க... ஏனுங்க...” என்று வெறுந்தெருவை மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆளே வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு ஏறியவன் நான்.

கடைசியில் ஒருவர் வந்தார். கறிவேப்பிலை விற்கிற அம்மா, காலிக் கூடையோடு.

“அம்மணி! மேல மாட்டிக்கிட்டனுங்க! பள்ளிவாசல்ல பூட்டுக்கடை பாய் இருப்பாரு, சாவியோட வரச் சொல்லுங்க!”

அவர் நிமிர்ந்து முதலில் கேமராவைத்தான் பார்த்தார்.

“சொல்றனுங்க. மொதல்ல என்னைய ஒரு போட்டோ புடிச்சுப்போடுங்க.”

“ஒண்ணே ஒண்ணுதானுங்க பாக்கி இருக்குது!”

“எனக்கு ஒண்ணு போதுமுங்க.”

கூடையை இறக்கி, முந்தானையைச் சரிசெய்து, விறைப்பாக நின்றார். நடுங்கும் கையோடு அழுத்தினேன். அதன்பிறகுதான் நகர்ந்தார்.

தொழுகை முடிந்து பாய் செருப்பு மாட்டும்போதே அந்த அம்மா அவரைப் பிடித்துவிட்டாராம். “எறங்கிட்டீங்கன்னு நெனச்சுப்போட்டனுங்க” என்று பாய் தலையில் அடித்துக்கொண்டே திறந்துவிட்டார்.

படத்தில் வெறிச்சோடிய சந்து. நடுவே சின்னதாய் அவர். கட்டட நிழலின் விளிம்பில் என் தலையின் நிழல். பார்த்த நண்பர்கள், “என்ன ஒரு அமைதிங்க!” என்றார்கள். கை நடுக்கத்தில் படம் லேசாகக் கலங்கியிருந்ததை மென்மை என்று பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அம்மாவிடம் ஒரு பிரதி கொடுத்தேன். கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா, இத்தனை தெருவ எதுக்குங்க புடிச்சீங்க?”