பழைய ஆஸ்பத்திரியில் மகளுக்கு ஒரு வீடு

பக்கத்து நகரத்தின் பழைய ஆஸ்பத்திரியை இப்போது வீடுகளாக்கி விற்கிறார்கள். இரண்டாம் மாடியில் ஒரு வீடு மகளுக்குப் பிடித்துப்போயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைக்க வேண்டும். அம்மா சம்மதிக்காமல் வைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள்.

டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் இக்காஸ்டிலிருந்து புறப்பட்டதுமே மனைவி தொடங்கிவிட்டாள்.

“செத்த ஆக்கள் கிடந்த இடத்திலை இவ புட்டு அவிக்கப் போறாவாம்!”

“எனக்குப் புட்டு அவிக்கத் தெரியாது அம்மா,” என்றாள் காரோட்டிய மகள், டெனிஷில்.

“பாத்தீங்களே, உங்கட பிள்ளையின்ரை வாயை?”

அந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு வருடம் தரை துடைத்தவன் நான். கன்னியாஸ்திரிகள் சில கட்டில்களோடு தொடங்கிய இடம் அது என்று மூத்த தாதிமார் சொல்வார்கள். பிறகு அரசாங்கம் எடுத்தது. வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி வந்ததும் கட்டில்கள் அங்கே போயின. கொஞ்சக் காலம் அகதிகளை இருத்தினார்கள். பிறகு பூட்டியே கிடந்தது.

வீடு விற்கும் இளைஞன் கதவைத் திறந்தான். சுவர்களை இடித்து மாற்றியிருந்தார்கள். ஆனாலும் ஜன்னலால் தெரிந்த தேவாலயக் கோபுரத்தை வைத்து இடத்தைக் கண்டுகொண்டேன். கடைசி நாட்களில் இருப்பவர்களை வைக்கும் அறை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு மகள் தமிழில் கேட்டாள்: “அப்பா, இது என்ன அறை?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. சொன்னேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாரிகாலம். வாளியோடு அந்த அறைக்குள் போனேன். வெள்ளைத் துணி போர்த்தி ஒரு கிழவர் கிடந்தார். நெஞ்சில் ஒரு பூ. ஜன்னல் அகலத் திறந்திருக்க, பனி உள்ளே விழுந்துகொண்டிருந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சாத்திவிட்டேன். தாதி ஓடி வந்தாள். ஏசவில்லை, மெதுவாகத் திரும்பத் திறந்தாள். “ஆன்மா போக வழி விடவேணும்,” என்றாள். கோப்பி குடிக்கும் நேரங்களில் கடவுளே இல்லை என்று என்னோடு வாதாடுகிறவள் அவள்! துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டேன். அதற்குப் பிறகு அந்த ஜன்னல் திறந்திருந்த ஒவ்வொரு முறையும், அங்கே கிடந்த பெயர் தெரியாத மனிதருக்காக, ‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’ என்று ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டுத்தான் வாளியைத் தொட்டேன்.

மனைவி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்:

“எத்தனை பேர் இருக்கும்?”

“ஆர் எண்ணினது?”

“எல்லாருக்கும் சொன்னனீங்களோ?”

“நான் கண்ட ஆக்களுக்கு, ஓம்.”

அவள் செபமாலையை எடுத்து, குளிர்ச்சட்டையோடேயே புதுத் தரையில் முழந்தாளிட்டாள். விற்க வந்த பொடியனும் என்ன விளங்கியதோ, போனை அணைத்துவிட்டுக் கைகளைக் கட்டி நின்றான். இத்தனை ஆன்மாக்கள் கடவுளிடம் புறப்பட்ட இடத்திலா என் பிள்ளை குடியிருக்கப் போகிறாள்? நானும் பக்கத்தில் முழந்தாளிட்டேன்.

செபமாலையின் பத்து மணிகளை உருட்டி முடிந்ததும் அவள் என் தோளைப் பிடித்து எழுந்தாள்.

“வை பிள்ளை கையெழுத்தை. ஆனா ஃபாதர் வந்து மந்திரிக்காமல் ஒரு சாமானும் உள்ளுக்கை வரக்கூடாது.”

“ஓம் அம்மா,” என்றாள் மகள்.