ஹெட்ட ஊசியும் மீன் சட்டியும்

பெரியம்மாவின் அடுப்படிச் சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியில் ஓர் அலுமினியச் சட்டி. ஒரு பக்கம் நசுங்கி, வாய் கொஞ்சம் கோணி, எத்தனை தேய்த்தாலும் போகாத கறுப்போடு தொங்கும். மீன் வாங்குவதற்கென்றே வைத்திருந்த சட்டி அது. அவசரத்துக்கு அதில் மாவு பிசையலாம் என்று கை வைத்தால் கை போய்விடும். ஆணியிலிருந்து அது இறங்கும்போது எழும் 'ணங்' என்ற சத்தம் எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், பூனைகளுக்கு மனப்பாடம்; எங்கே படுத்திருந்தாலும் எழுந்து வந்து வாசலில் உட்கார்ந்துவிடும். நான் இப்போது வேலை செய்யும் பரிசோதனைக்கூடத்தில் வெண்ணிறக் குளிர்சாதனப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஆனாலும் யாராவது தடுப்பூசி என்று சொன்னால் என் மனதுக்குள் முதலில் வருவது அந்தப் பெட்டிகள் அல்ல, இந்தச் சட்டிதான். சிரிப்பாக இருக்கும். காரணம் இருக்கிறது.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா; நாங்களும் அதே லயத்தில்தான் இருந்தோம். ருவான்வெல்லைக் கடைத்தெருவைத் தாண்டி மேலே ஏறினால் வரும் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியற்காலையில் மரம் மரமாக ஏறி இறங்கிய உடம்பு. அந்தப் பனியும், வீட்டில் அடைந்து கிடந்த விறகுப் புகையும் சேர்ந்து நெஞ்சில் இளைப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டன. மாதம் ஒருமுறை கேகாலை கிளினிக்குக்குப் போக வேண்டும். மூச்சு வாங்கினாலும் வாய் ஓயாது. லயத்தில் யார் எதைச் சொன்னாலும், 'பெரியம்மா என்ன சொல்லுச்சு?' என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் முடிவெடுப்பார்கள். தலைவி என்று யாரும் அவரை வைக்கவில்லை. அவருடைய கேலிக்கு ஆளாகப் பயந்தார்கள், அவ்வளவுதான்.

கொரோனா வந்த காலத்தில் நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்தேன். கால் ஓர் இடத்தில் நிற்காத வயது; வெளியே போக வழியில்லாத காலம். இருந்த வேகத்தையெல்லாம் போனில் கொட்டினேன். தடுப்பூசி எப்படிச் செய்கிறார்கள், உடம்புக்குள் போய் அது என்ன செய்யும், ஏன் இரண்டு தடவை போட வேண்டும் என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் முள்ளு முள்ளாக வைரஸ் படம் வரைந்து, முகக்கவசத்தோடு தோட்டத்துக்குள்ளேயே லயம் லயமாகப் போய் விளக்கம் சொன்னேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். சீனி போடாத தேத்தண்ணியும் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் தந்தார்கள். பெரியம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரம்புட்டான் பழத்தை இவ்வளவு அழகாக வரைந்திருக்கிறாயே என்று பாராட்டினார்.

நான் விடவில்லை. ஊசி நல்லது, பயப்படக் கூடாது என்று மறுபடி ஆரம்பித்தேன். அப்போது அவர் சொன்னதுதான் இன்றுவரை என் காதில் இருக்கிறது.

"ஏ புள்ள, ஊசி நல்ல ஊசிதான். யாரு இல்லேங்கறா? அது நமக்கு வருமான்னுதான் கேக்கறேன்."

அந்தக் கேள்விக்கு அவருடைய கையில் சாட்சியும் இருந்தது. லயத்து முகப்பில் ஒரு தண்ணீர்க் குழாய் நிற்கிறது. அதை நட்டபோது பெரிய மனிதர்கள் வந்தார்கள், மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். குழாய் வந்தது, தண்ணீர் வரவில்லை. பெரியம்மா அதில் ஆட்டைக் கட்டினார். ஆடு கட்டுவதற்கு இவ்வளவு உறுதியான முளை இந்தத் தோட்டத்திலேயே இல்லை என்று யார் வந்தாலும் காட்டுவார். அப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறவரிடம், உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் கண்டுபிடித்த மருந்து கப்பலேறி, கொழும்பில் இறங்கி, கேகாலைக்கு வந்து, இந்த மேட்டுக்கும் ஏறி வரும் என்று ஒரு சின்னப் பெண் சொன்னால் எப்படி இருக்கும்?

முதல் தடவை ஊசி வருகிறது என்று ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார்கள். வயதானவர்கள் எல்லோரும் கோயிலுக்குப் போவதுபோலக் குளித்து, வெளுத்த சேலை கட்டி, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் போய் உட்கார்ந்தார்கள். மத்தியானம் ஓர் உத்தியோகத்தர் வந்து, டவுனிலேயே ஊசி முடிந்துவிட்டது, ஹெட்ட வரும் என்றார். ஹெட்ட என்றால் சிங்களத்தில் நாளை. எங்கள் பக்கத்தில் சிங்களமும் தமிழும் ஒரே வாயில்தான் குடியிருக்கின்றன. யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. மறுநாளும் போய் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு மழை. ஜீப் வரவில்லை. ஹெட்ட என்று போனில் தகவல் வந்தது. திரும்பி வரும் வழியில் நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே பெரியம்மா அதற்கு 'ஹெட்ட ஊசி' என்று பெயர் வைத்துவிட்டார். அன்றிலிருந்து லயத்தில் வராத எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். கடன் வாங்கிக்கொண்டு போன மண்வெட்டி திரும்பி வரவில்லையா? ஹெட்ட மண்வெட்டி. மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொல்லி வரவில்லையா? ஹெட்ட மாப்பிள்ளை.

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் பயம். கிளினிக் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த நெஞ்சோடு கொரோனா வந்தால் பெரியம்மா தாங்குவது கஷ்டம், எப்படியாவது ஊசியைப் போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். அதே கிழமை, ஏழு நாள்கூட ஆகுமுன், கீழ் லயத்திலிருந்து ஒருவரை அம்புலன்சில் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அவருடைய நாய் பல நாள் பாதை வளைவு வரைக்கும் போய் நின்று பார்த்துவிட்டு வரும். பெரியம்மா அந்த நாய்க்குச் சோறு வைத்தார்.

மூன்றாம் முறை அறிவித்தபோது ஒருவரும் குளிக்கவில்லை. ஒலிபெருக்கி மேலே ஏறி வரும்போதே பிள்ளைகள் 'ஹெட்ட, ஹெட்ட' என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். நான் பெரியம்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். கண்ணால் பார்த்தால்தான் காலை எடுத்து வைப்பேன் என்றுவிட்டார். அவர் போகவில்லை என்றால் எங்கள் மேட்டு லயமே போகாது. ஊசி நாளுக்கு முந்திய இரவு மழை கொட்டி, வளைவுக்குக் கீழே மண் சரிந்து பாதை பாதியாகிப் போயிருந்தது. ஜீப் ஏறாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிரட்டுக்களத்தில் நான் மட்டும் நின்றேன். எனக்குத் துணையாக அந்த நாய்.

அந்த நேரம்தான் ஹோர்ன் சத்தம் கேட்டது. றப்பர்ப் பந்தை அமுக்கினால் 'பாம்ப்பூ' என்று கத்துமே, அந்த மீன்கார ஹோர்ன்.

மீன்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்களவர். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் நிரப்பிய வெள்ளை ரிஜிபோம் பெட்டி கட்டிக்கொண்டு வருவார். மாலு என்றால் சிங்களத்தில் மீன். அவரை நாங்கள் மாலு ஐயா என்போம். ஐயா என்றால் சிங்களத்தில் அண்ணன்; ஆகவே அண்ணன் என்று கூப்பிடுகிறோமா, துரை என்று கூப்பிடுகிறோமா என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது; இரண்டு பக்கமும் திருப்தி. மழையிலும் வருவார். ஊரடங்கிலும் பாஸ் எடுத்துக்கொண்டு வந்தார். மீன் இல்லாத நாளில், இல்லை என்று சொல்லிவிட்டுப் போவதற்கும் வருவார். அந்த மனிதர் வாயிலிருந்து ஹெட்ட என்ற சொல்லை நாங்கள் கேட்டதேயில்லை.

ஆகவே ஹோர்ன் கேட்டதும் மேட்டு லயத்தில் சட்டிகள் இறங்கின. 'ணங், ணங்' என்று வரிசையாக. அது அவர் வழக்கமாக வரும் நாளும் இல்லை; அதனால் ஓட்டம் இன்னும் கூடியது. பெண்கள், கிழவர்கள், பூனைகள் என்று எல்லோரும் பிரட்டுக்களத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மூச்சு வாங்க வாங்க, ஆனால் எல்லோருக்கும் முன்னால், பெரியம்மா. மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் ரிஜிபோம் பெட்டி இல்லை. தோட்டத்துக் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வந்து பார்க்கும் மிட்வைப் மிஸ் முழங்கால் வரைக்கும் சேறு அப்பி உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு நீலப் பெட்டியைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு. மண் சரிந்த இடத்தில் ஜீப்பை விட்டு இறங்கி, அந்தப் பக்கம் வரைக்கும் நடந்து, மிச்சமிருந்த பாதிப் பாதையால் மோட்டார் சைக்கிளை உருட்டி வரச் சொல்லி மாலு ஐயாவைப் போனில் கூப்பிட்டு, அதில் ஏறி வந்திருக்கிறார். மற்றொரு மிஸ் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார்.

மிட்வைப் மிஸ் பெட்டியைத் திறந்தார். ஐஸ் பொதிகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். பெரியம்மா சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்னங்க மிஸ், மீனு ரொம்பப் பொடியா இருக்கு?"

மிட்வைப் மிஸ் முதலில் சிரித்தார். பிறகு களைப்பில் கண் கலங்கியதோ என்னவோ, முகக்கவசத்துக்கு மேலே கையால் துடைத்துக்கொண்டார். "ஹெட்ட நெவெய் அம்மே," என்றார். "அத."

நாளை இல்லை அம்மா, இன்று. 'அத' என்றால் சிங்களத்தில் இன்று. எங்கள் பேச்சில் 'அதை' என்றும் ஆகும். பெரியம்மா அந்தச் சொல்லை இரண்டு மொழியிலும் மென்று பார்ப்பதுபோல நின்றார். பிறகு சட்டியைக் கீழே வைத்துவிட்டு ரவிக்கைக் கையை மேலே சுருட்டினார்.

"அதத்தான் நானும் கேட்டேன். போடுங்க."

அடுத்து நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. தண்ணீர் பவுசர் லொறி வரும் நாட்களில் வாளிகளை வரிசையாக வைத்து இடம் பிடிப்பது எங்கள் வழக்கம். ஆள் எங்கே போனாலும் வாளி இருந்தால் இடம் இருக்கும். அதை எவரும் நகர்த்தமாட்டார்கள். பெரியம்மாவின் சட்டிக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி தன் சட்டியை வைத்தார். அதற்குப் பின்னால் இன்னொன்று. தள்ளி நில்லுங்கள் என்று மிஸ் சொன்னதும் சட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். இடைவெளி விடச் சொல்லி நான் எத்தனை நாள் கத்தியிருக்கிறேன்! ஒரு மீன் சட்டி வரிசை அதை ஒரு நொடியில் செய்துவிட்டது. ஊசி போட்டவர்கள் அரை மணி நேரம் உட்கார வேண்டும் என்றதும் தங்கள் சட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தார்கள். மீன் வாங்க வந்த சனம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பூனைகளும் அப்படித்தான் நினைத்தன, கடைசிவரை காத்திருந்தன. மாலு ஐயாவுக்கே வெட்கமாகப் போய்விட்டது. பின்னேரம் மீனோடு வருகிறேன் என்றார். வந்தார்.

பிற்பாடு மிட்வைப் மிஸ்ஸிடம், அந்த ஹோர்னை மாலு ஐயா பழக்கதோஷத்தில் அடித்தாரா என்று கேட்டேன். இல்லை, நான்தான் அடிக்கச் சொன்னேன் என்றார். ஒலிபெருக்கி சொல்லி வராதவர்கள் இதற்கு வருவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது ஊசிக்கும் பெரியம்மா சட்டியோடுதான் போனார், ராசியாம். சில மாதங்கள் கழித்து லயத்தில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்தது. அவருக்கும் கொரோனாதான். நெஞ்சு இழுத்தது, ஒரு கிழமை படுத்தார், நானும் அம்மாவும் மாறி மாறி வாசல் திண்ணையான இஸ்தோப்பில் காவல் இருந்தோம். எழுந்தார். எழுந்த அன்றைக்கே ஆட்டைக் கட்டிய கயிறு சரியில்லை என்று சண்டை பிடித்தார். கிளினிக் டாக்டர் ஊசி அட்டையைப் பார்த்தார், அவருடைய முகத்தைப் பார்த்தார், அட்டையில் இரண்டு ஊசிகளுக்கும் கீழே ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கோடு எனக்குப் போதும்.

இப்போது நான் கேகாலையில் இருக்கிறேன். புதிய தடுப்பூசிகளைப் பற்றிச் செய்தி வராத கிழமை இல்லை. பிளேன்டீ நேரத்தில் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கூட வேலை செய்கிறவர்கள் கையை விரிக்கிறார்கள்: பணக்கார நாடுகள் போட்டு முடித்து, கொழும்பு போட்டு முடித்து, நமக்கு வரும்போது நோயே வேறாக மாறியிருக்கும் என்கிறார்கள். அவர்களை நான் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று நினைக்கவில்லை. காய்ந்த குழாயைப் பார்த்து வளர்ந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஆனால் வராது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சேற்றில் முழங்கால் வரை புதைந்து வந்த ஒரு பெட்டியை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைசித் துண்டுப் பாதை மருந்தைக் கண்டுபிடித்தவருடைய வேலை அல்ல, அது நம்முடையது. எந்த வளைவில் மண் சரியும், அந்தப் பக்கம் யாருடைய மோட்டார் சைக்கிள் நிற்கும், யாருடைய ஹோர்னுக்குச் சனம் ஓடிவரும் என்று முதலே யோசித்து வைத்தால் ஊசி வரும். இதை நான் வேலைக்கூட்டத்திலும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். பரவாயில்லை, எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

போன கிழமை டெங்குவுக்கு ஒரு புதிய தடுப்பூசி பற்றிப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. றப்பர்த் தோட்டத்தில் பால் பிடிக்கும் சிரட்டைகளில் மழைத் தண்ணீர் நின்று நுளம்பு பெருகும். லயத்தில் டெங்கு காணாத வீடு இல்லை. பெரியம்மாவுக்குப் போன் எடுத்து மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பழைய கேள்வி.

"நமக்கு வருமா?"

"வரும் பெரியம்மா."

"எப்ப?"

வாய் வரைக்கும் வந்த சொல்லை விழுங்கினேன். "எப்பன்னு தெரியாது," என்றேன். "இங்க போட இன்னும் முடிவாகல. முடிவானா, பாதை வரைக்கும் பேசி வெச்சிட்டுத்தான் உங்களுக்குச் சொல்வேன்."

ஹெட்ட என்று சொல்லாமல் விட்டாயே, பிழைத்தாய் என்றார் பெரியம்மா. அப்புறம் அவர் நடந்து போகிற சத்தம். அடுத்து, போனுக்குள்ளேயே, எனக்கும் பூனைகளுக்கும் நன்றாகத் தெரிந்த அந்த 'ணங்'.

"கழுவி வெக்கறேன்," என்றார்.