பாடம் தொடங்கிய நேரம்

துபாயில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில், எந்த வகுப்பு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துவைப்பது என் பொறுப்பு. மாலை ஆறு மணி வகுப்பில் சோமாலி, சுவாஹிலி ஆகிய ஆப்பிரிக்க மொழிகள் இரண்டையும் ஒரே ஆசிரியை கற்றுத்தந்தார். கென்யத் துறைமுகமான மொம்பாசாவில் வளர்ந்த சோமாலிப் பெண்மணி. ஐந்து ஐம்பதுக்கே வந்துவிடுவார். ஆனாலும் என் குறிப்பேட்டில் அவருக்கு நேரே 6.20, 6.22, 6.19 என்றுதான் இருக்கும். கதவுக் கண்ணாடி வழியே பார்க்கும்போதெல்லாம் அரட்டைதான் நடந்தது. பலகையில் எழுதத் தொடங்கிய நிமிடத்தையே நான் பாடத்தின் தொடக்கமாகக் கொண்டேன்.

பருவ முடிவில் என் குறிப்பேட்டைப் பார்த்த துறைத்தலைவர், அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றார். வியாழக்கிழமை கையெழுத்து.

புதன் மாலை அந்த வகுப்பு மாணவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். கீழக்கரைக்காரர், துபாயின் பழைய கடைவீதியான தேராவில் கடை வைத்து ஆப்பிரிக்காவுக்குச் சரக்கு அனுப்புகிறவர்.

"டீச்சரத் தூக்கப் போறாங்களாமே? நீங்க எழுதுன எழுத்தாமே சார்?"

"இருபது நிமிஷம் கதை பேசுனா வேற என்னத்த எழுதுறது பாய்?"

"நா ஃபீஸ் கட்டுனதே அந்த இருபது நிமிஷத்துக்குத்தான்! மொம்பாசாக்காரன் உள்ள வந்ததும் வெலையச் சொன்னா அப்புடியே திரும்பிப் போயிருவான். மொதல்ல வீட்ட விசாரிக்கணும், பிள்ளைகள விசாரிக்கணும். சோமாலிக்காரன்னா ஊர்ல மழை, ஒட்டகம் வரைக்கும் போவணும். வாங்க, வந்து ஒக்காருங்க."

வகுப்புக்குள் போய் உட்கார்ந்தேன். ஆசிரியை என்னைப் பார்த்து சுவாஹிலியில் ஏதோ கேட்டார்.

"வீட்டுல என்ன சேதிங்குறாங்க" என்றார் பாய்.

திங்கட்கிழமையிலிருந்து ஏ.சி. ஒழுகுகிறது என்று உள்ளதை ஆங்கிலத்தில் சொன்னேன். வகுப்பே சிரித்தது.

"மொதல்ல நலம்னு சொல்லணும் சார். ஏ.சி. அப்பறமா ஒழுகட்டும்."

ஏழாவது முயற்சியில்தான் சுவாஹிலியில் 'நலம்' சரியாக வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். 6.21. ஆசிரியை அப்போதுதான் பலகைப் பக்கம் திரும்பினார்.

மறுநாள் காலை துறைத்தலைவரின் அறைக்குப் போனேன். அவர் இந்த ஊர் அரபியர். முந்தைய மாலையின் பழக்கத்தில் வீடு, பிள்ளைகள், உடல்நலம் எல்லாம் விசாரித்தேன். பன்னிரண்டு வருடத்தில் இதுதான் முதல்முறை. அவர் முகம் மலர்ந்தது. பதிலுக்கு என் வீட்டாரை விசாரித்தார், கஹ்வா என்னும் அரபிக் காப்பி வரவழைத்தார்.

"சரி, வந்த விஷயம்?"

"பதினான்கு நிமிடமாகிவிட்டது. நம் பேச்சு இப்போதுதான் தொடங்குகிறதா சார்?"

"இல்லையே, நீ வந்ததுமே தொடங்கிவிட்டதே."

"அந்த ஆசிரியையின் பாடமும் அப்படித்தான். தவறு என் குறிப்பில்."

"எத்தனை வகுப்பு?"

"நாற்பத்திரண்டு."

நாற்பத்திரண்டையும் அவர் எதிரிலேயே அடித்து, 6.00 என்று திருத்திக் கையெழுத்திட்டேன். அதன்பிறகு அவர் ஆசிரியையின் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

மாலை வராந்தாவில் ஆசிரியை என் வீட்டுச் சேதியைக் கேட்டார். நலம் என்றேன். அன்றைய நாட்குறிப்பில் அதை ஒரு வரியாகவும், ஏ.சி. இன்னும் ஒழுகுவதை அடுத்த வரியாகவும் எழுதிக்கொண்டேன்.