கீழ் வீட்டு மாப்பிள்ளை

குழந்தை பிறப்பதற்கு முன்பே அதற்கென்று எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்பது என் மனைவி வீட்டு வழக்கம். தொட்டில் கூடாது, சட்டை கூடாது, கிலுகிலுப்பைகூடக் கூடாது. பழைய பருத்திச் சேலைகளைத் துவைத்து மடித்து வைக்கலாம், அவ்வளவுதான். கல்யாணமாகிப் பல வருஷங்கள் போய், என் மீசை பாதி நரைத்த பிறகு உண்டான முதல் குழந்தை. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று இரண்டு பேருக்கும் கை பரபரத்தது. வாங்கத்தான் கூடாது, கடனை அடைக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான்.

"புள்ள வர்றப்போ வீட்டு மேல லோன் இருக்கக் கூடாதுங்க," என்றாள். "பொறக்கும்போதே கடன்காரப் புள்ளையா பொறக்கணுமா?"

எங்கள் வீடு பெங்களூரை ஒட்டிய ஆனேக்கலில், இருபதுக்கு முப்பது அடி மனையில் கட்டியது. கீழே ஹாலும் படுக்கையறையும் சமையலறையும். மாடியில் தகர ஷீட் போட்ட ஒற்றை அறை. அதற்கு ஏற வெளிப்பக்கமாக ஓர் இரும்புப் படிக்கட்டு. பணம் தீர்ந்துபோன சமயத்தில் வைத்த படிக்கட்டு என்பதால் கிட்டத்தட்ட ஏணி மாதிரிதான் இருக்கும்.

நான் விவேக் நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவன். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. வருகிறவர்களோடு பேச வேண்டாம் என்பதற்காகவே இத்தனை காலம் அந்த வேலையில் இருக்கிறேன். என் மனைவி எனக்கு நேர் எதிர். கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர். ஒரு வரிசைத் தையல் மெஷின்களைக் குரலாலேயே ஓட்டுகிறவள். அவள் சம்பளம் லோனுக்கு, என் சம்பளம் சாப்பாட்டுக்கு என்று ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் அவளிடம் சொன்னதும் லோனுக்கு ஆளில்லாமல் போயிற்று.

வழி சொன்னது அவள் தம்பி. ஆட்டோ ஓட்டுகிறவன்.

"கீழ் வீட்ட லீசுக்கு விட்ருங்க மாமா."

பெங்களூரில் லீசு என்றால் வாடகை கிடையாது. குடி வருகிறவர் மொத்தமாக ஒரு பெரிய தொகையைக் கொடுத்துவிடுவார். மூன்று வருஷம் கழித்து அதே தொகையைத் திருப்பிக் கொடுத்தால் காலி செய்வார். நடுவில் அவருக்கு வாடகை இல்லை, நமக்கு வட்டி இல்லை. அந்தப் பணத்தோடு கையில் சேர்த்திருந்ததையும் போட்டால் லோன் முடிந்துவிடும். பிறகு அவள் வேலைக்குத் திரும்பியதும் மாதாமாதம் சீட்டுக் கட்டி, அந்தத் தொகையைச் சேர்த்துத் திருப்பிவிடலாம்.

"நாங்க எங்கடா இருக்கறது?" என்று கேட்டேன்.

"மேல ரூம் இருக்கே மாமா. நாங்க ஆறு பேரு ஒரே ரூம்ல இல்லையா? நீங்க மூணு பேருதான."

மூன்றாவது ஆளுக்கு இன்னும் மூக்கு முழியே வந்திருக்காது, அதற்குள் இடம் ஒதுக்கியாகிவிட்டது.

குடி வந்தவர் சிட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பாதிப் பேச்சு கன்னடத்தில் போய் முடியும். அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். இரண்டு மகன்களும் வேறு வேறு ஊர்களில் இருந்தார்கள். ஓய்வுப் பணத்தின் பெரும்பகுதியை எங்களிடம் கொடுத்துவிட்டு, "இனிமே நீங்கதான் எங்க பேங்கு, ஓனர்," என்று சிரித்தார். இந்த ஊரில் குடியிருப்பவர்கள் வீட்டுக்காரரை ஓனர் என்றுதான் கூப்பிடுவார்கள். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. இரண்டு நாள் கடையில்கூட நிமிர்ந்து நடந்தேன்.

லோனை அடைக்கப் போன கதையைச் சொல்ல வேண்டும். "லோனை மொத்தமா கட்டி முடிக்கணும் மேடம்" என்ற ஒரே வாக்கியத்தை பஸ்ஸில் போகும்போதே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். சொல்லியும் விட்டேன். பேங்க் கவுன்டரில் இருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏன் சார், எங்ககிட்ட ஏதாவது கொறையா?" என்று கேட்டாள். அதற்கு நான் பதில் தயார் செய்திருக்கவில்லை. "இல்லீங்க, நீங்க எல்லாம் ரொம்ப நல்லவங்க," என்றேன். கார் லோன் வேண்டுமா என்றாள். யோசிக்கிறேன் என்றேன். குழந்தையின் படிப்புக்கு ஒரு திட்டம் இருக்கிறது என்றாள். சரி என்றேன். சனிக்கிழமை வருகிறீர்களா என்றாள். அதற்கும் சரி. கடைசியில் லோனும் அடைந்தது. ஆனால் நான் வீட்டுக்கு வரும்போது கையில் மூன்று காலண்டர்கள் இருந்தன.

"காலண்டர் எதுக்குங்க மூணு?"

"குடுத்தாங்க."

அந்தச் சனிக்கிழமை நான் போகவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அந்த பேங்க் இருக்கும் பக்கத்துப் பிளாட்பாரத்தில் நான் நடப்பதில்லை.

சில வாரங்களில் பத்திரம் கைக்கு வந்தது. அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டு, தகரக் கூரைக்கு அடியில் பாயசம் குடித்தோம். பாயசத்தைவிட வியர்வை அதிகமாக இருந்தது.

பேங்குக்கும் கண்டக்டருக்கும் உள்ள வித்தியாசம் அதன் பிறகுதான் தெரிந்தது. பேங்க்காரர்கள் எத்தனையோ வருஷம் எங்களுக்குக் கடன் கொடுத்திருந்தார்கள். ஒரு நாளும் வாசலில் நின்று மோட்டாரை நிறுத்தியாயிற்றா என்று கேட்டதில்லை. கண்டக்டர் கேட்டார். "ஓனர், டேங்க் வழியுது." "ஓனர், சுவத்துல ஈரம் பாத்தீங்களா?" "ஓனர், நேத்து ராத்திரி கட்டில இழுத்தீங்களோ?" நல்ல மனிதர்தான். தன் பணம் எங்கள் செங்கல்லில் இருக்கிறது என்பதால் செங்கல்லின் உடல்நிலையில் அவருக்கு அக்கறை.

செங்கல்லோடு நிற்காமல் என் மனைவி மீதும் அக்கறை வந்தது. அவள் வயிறு பெரிதாகப் பெரிதாக அந்தப் படிக்கட்டில் முன்பக்கம் பார்த்து இறங்க முடியாமல் போயிற்று. ஏணியில் இறங்குவது போலப் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். செக்கப்புக்குப் போகும் நாளில் கண்டக்டர் கீழே வந்து நின்றுகொள்வார். பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிற குரல் அவருக்கு அப்படியே வந்துவிடும். இரும்புக் கைப்பிடியைக் கையால் தட்டித் தட்டிக் கத்துவார்.

"வா... வா... வா... இன்னும் வா... லெஃப்ட் காலு... ஹோல்டான்! பூனை போவுது. ம், போயிடுச்சி. வா வா வா... ரைட்!"

எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் வெளியே வந்து பார்க்கும். மைத்துனன் ஆட்டோவைத் தயாராக வைத்துக்கொண்டு, "அக்கா, ஹார்ன் அடிக்கட்டுமா?" என்பான்.

"கீழ வந்து உன்ன வச்சிக்கிறேன்டா," என்பாள் அவள், பின்பக்கமாக.

ஏழாம் மாதம் முடியும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, இனிமேல் படி ஏறக் கூடாது, பிரசவம் வரை தரையோடு இருக்கிற வீட்டில் இருக்க வேண்டும். முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பார்கள். அவளுக்கு அம்மா இல்லை. தம்பி வீட்டில் ஆறு பேருக்கு ஒரே அறை.

அதாவது, என் வீட்டின் தரைத்தளத்தில் என் மனைவிக்கு இடம் கொடுக்கும்படி குடியிருப்பவரை நான் கேட்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு அவர் பணம் கொடுத்து வாங்கிய இடம். எந்த உரிமையில் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் வாய் வராது.

முதல் நாள் இறங்கிப் போனேன். "வாங்க ஓனர்," என்று காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது முறை போனபோது, அவருடைய கண்ணாடியில் ஒரு காதுக் கம்பி ஆடுகிறது என்றார். கழற்றி வாங்கிக்கொண்டு வந்து சரி செய்தேன். அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் மனைவியின் கண்ணாடி வந்தது.

"கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"அந்தம்மாவுக்குப் பவர் மாறியிருக்கும் போல."

"இந்தத் தெருவுல எல்லாருக்கும் கண்ணு தெரிஞ்ச பெறகுதான் நீங்க கேப்பீங்களா?"

தானே கேட்கிறேன் என்று அவள் கிளம்பியிருப்பாள். ஆனால் அதற்கும் படி இறங்க வேண்டுமே.

வளைகாப்புக்கு நாள் குறித்தோம். மேல் அறையில் ஒரு நாற்காலியும் நாலு பெண்களும்தான் கொள்வார்கள் என்பதால் கண்டக்டரின் மனைவி, "நம்ம வீட்டு ஹால்லயே வச்சிக்கலாம்மா," என்றார். நம்ம வீடு என்று அவர் சொன்னது யார் வீட்டை என்று யோசித்துப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

அன்றைக்கு என் மனைவி ரிவர்ஸில் இறங்கி வந்து, நாற்காலியில் உட்கார்ந்தாள். கார்மென்ட்ஸ் பெண்கள் வந்து கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கையிலும் வளையல் அடுக்கினார்கள். ஒருத்தி கண்டக்டரின் மனைவியிடம், "வீட்ட நல்லா நீட்டா கட்டியிருக்கீங்க ஆன்ட்டி," என்றாள். நான் ஹால் ஓரத்தில் தாம்பூலத் தட்டோடு நின்றேன். கலந்த சாதங்கள் பரிமாறும் நேரத்தில் ஒரு பெரியம்மா எழுப்பினார் அந்தக் கேள்வியை.

"வளையல் போட்ட பொண்ணு திரும்பிப் புருஷன் வீட்டுப் படி ஏறக் கூடாது. இப்படியே தாய் வூட்டுக்குப் போவணும். எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

எல்லோரும் மைத்துனனைப் பார்த்தார்கள். மைத்துனன் என்னைப் பார்த்தான். வாரக்கணக்காக ஒத்திகை பார்த்த வாக்கியம் எனக்குள்ளிருந்து அப்போதுதானா கிளம்ப வேண்டும். அதுவும் நீளமாக இருந்தது வழியில் உதிர்ந்து, வால் மட்டும் வந்தது.

"கீழ் வீடு வேணும்," என்றேன்.

பெரிய சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். வளையல் சத்தம் நின்றது. கண்டக்டர் சாம்பார் சாதத் தட்டைக் கீழே வைத்தார்.

"ஏன் ஓனர்? மூணு வருஷம்னுதானே பேச்சு. இன்னிக்கே காலி பண்ணணும்னா, துட்டு ரெடியா இருக்கா?"

துட்டு பேங்கில் இருந்தது. பேங்கின் துட்டாக. நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன். என் மனைவி நாற்காலியில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதவ வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. முடி என்பது போலத் தலையை மட்டும் அசைத்தாள்.

"வீடு வேணாம்," என்றேன். "இவ படி ஏறக் கூடாதாம். பிரசவம் வரைக்கும் ஒரு ஓரமா இங்க இருந்துக்கட்டும். அவளுக்கு அம்மா இல்ல. நான் மேலயே இருந்துக்கறேன்."

ஒரே மூச்சில் நான் அத்தனை வாக்கியங்கள் பேசியதை என் கல்யாணத்துக்கு வந்தவர்கள்கூடக் கேட்டதில்லை.

கண்டக்டர் தன் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இதக் கேக்கவா இத்தன காபி குடிச்சீங்க? கண்ணாடி கண்ணாடியா எடுத்துட்டுப் போனப்பவே நெனச்சேன், என்னமோ இருக்குன்னு," என்றார். பிறகு பெரியம்மாவிடம் திரும்பி, "எனக்கு ரெண்டும் பசங்கக்கா. இங்கயே இருக்கட்டும். இதான் அவளுக்கு அம்மா வீடு," என்றார்.

இப்படியாக என் மனைவி வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போனாள். நாற்காலியிலிருந்து எழுந்து, பக்கத்து அறைக்கு.

அன்று மாலையே கண்டக்டர் என்னை ஓனர் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். மாப்ளே ஆனேன். மாப்பிள்ளை நினைத்தபோதெல்லாம் மாமியார் வீட்டில் நுழையக் கூடாதாம். வேலை விட்டு வந்து, முகம் கழுவி, வெறுங்கையோடு போகாமல் ஒரு சீப்பு வாழைப்பழமாவது வாங்கிக்கொண்டு, நான் கட்டிய வீட்டின் கதவை நானே தட்டி நிற்பேன். "வாங்க மாப்ளே, உக்காருங்க," என்பார். நான் வாங்கிப் போட்ட சோபாவின் நுனியில் உட்காருவேன். உள்ளே என் மனைவி சிரிப்பை அடக்குவது வளையல் சத்தத்தில் தெரியும்.

பெண் குழந்தை பிறந்தது. அதன் பிறகுதான் தொட்டில் வாங்கினோம். வீடு கட்டும்போது கீழ்ப் படுக்கையறைக் கூரையில் ஒரு கொக்கி வைக்கச் சொல்லியிருந்தேன். அப்போது மேஸ்திரி எதற்கு என்று கேட்டார், வெட்கப்பட்டு ஃபேனுக்கு என்று சொல்லிவிட்டேன். அந்தக் கொக்கியில் தொட்டில் ஆடியது.

சில மாதங்கள் கழித்து, இரண்டு பேரையும் எப்போது கூட்டிப் போகலாம் என்று கேட்டேன். இந்த முறை ஒரே காபியில் கேட்டுவிட்டேன். கண்டக்டர் யோசித்தார்.

"பொண்ண அனுப்பறதுக்கு முன்னாடி நாங்க வந்து வீட்டப் பாக்க வேணாமா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் மேலே வந்து பார்த்தார்கள். தகர ஷீட் தகித்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பேடா மாப்ளே, வேணவே வேணாம். இந்தச் சூட்டுல புள்ளய அனுப்ப மாட்டோம். மொதல்ல கூரைக்கு ஏதாவது பண்ணுங்க."

கீழே இருந்து என் மனைவியின் குரல் வந்தது. "என்ன வேணா பண்ணுங்க. லோன் மட்டும் போடாதீங்க!"

லோன் போடவில்லை. மைத்துனன் ஆட்டோவில் ஓலை ஓலையாகக் கொண்டுவந்தான். ஷீட்டின் மேல் தென்னங்கீற்று வேய்ந்து கட்டினோம். தெருவில் போகிறவர்கள் இளநீர்க் கடை என்று நினைத்து அண்ணாந்து பார்த்தார்கள். அறை குளிர்ந்தது. கண்டக்டர் மறுபடி வந்து, நின்று, கையைத் தூக்கிக் கீற்றின் அடியில் சூடு பார்த்து, தலையசைத்தார்.

நல்ல நாள் பார்த்துத் தட்டு வரிசையோடு அனுப்பி வைத்தார்கள். தட்டில், நான் கொடுத்திருந்த பேங்க் காலண்டரின் தாளில் சுற்றிய ஒரு வெள்ளி அரைஞாண்கூட இருந்தது. என் மனைவி கைப்பிடியைப் பிடித்து நிதானமாக ஏறினாள். குழந்தையைக் கண்டக்டர் தன் தோளிலேயே வைத்துக்கொண்டார், தர மனமில்லாமல். நான் கையை நீட்டினேன்.

"மாப்ளே, கைக்கொழந்தைக்கு டிக்கெட் கெடையாது. நானே கூட்டிட்டு வரேன்," என்று சொல்லி, கைப்பிடியை இரண்டு தட்டுத் தட்டினார். "நீங்க ஏறுங்க. ரைட்."