இரண்டு கேம் கன்சோலும் என் கணவரும்

கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம் கன்சோல் வாங்கப் போவதாக என் கணவர் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். ஜப்பான் கம்பெனியுடையதா, அமெரிக்கக் கம்பெனியுடையதா என்று ஒப்பிடும் வீடியோக்களைப் பார்ப்பதே அவருக்கு விளையாட்டாகிவிட்டது.

இன்று மாலை செங்கம் ரோட்டுக் கடைக்கு அவரை இழுத்துப் போனேன். எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமென்று வெளிநாட்டுக்காரர்கள் வந்து ஆசிரமங்களில் தங்கும் ரோடு அது. இவரோ இரண்டில் ஒன்றைக்கூட விட முடியாமல் நின்றார்.

"இதுல ஸ்கிரீன் சூப்பர், ஆனா வெயிட் ஜாஸ்தி. அதுல வெயிட் கம்மி, ஆனா கேமும் கம்மி" என்று கடைக்காரருக்கே பாடம் எடுத்தார்.

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், நீங்க என்னா கேம் ஆடுவீங்க?" என்றார்.

"அது... வாங்கனப்புறம்தான் பாக்கணும்ங்க."

அதற்குள் வெயிட் கம்மியானதை எடுத்து நான் ஒரு கார் ரேஸை ஜெயித்திருந்தேன். "இதுக்கே பில் போட்டுடுங்க" என்றேன்.

இப்போது வீட்டில் நான் அடுத்த ரேஸில் இருக்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாங்காத கன்சோலின் வீடியோவைப் பார்க்கிறார்.

"அவசரப்பட்டுட்ட. அதுதான் பெஸ்ட்டுன்னு சொல்றான்."

அந்த இன்னொன்றை வைத்திருப்பவர்கள், அது மட்டம் என்று இந்தப் பதிவின் கமெண்டில் ஒரு பொய்யாவது சொல்லுங்கள். மனிதர் இன்னும் சாப்பிடவில்லை.