கோமாரியிலிருந்து வந்த பட்டடை

நிந்தவூர் நெல் மில்லில் இஞ்சின் பார்க்கும் மக்கீனின் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சாமான்கள் இருக்கும். ஒன்று பீடிக்கட்டு. மற்றது நெல்லிக்காய் அளவில் ஒரு பேரிங் குண்டு. பீடியை மனைவி ஸைனம்பு எத்தனையோ தரம் பிடுங்கி எறிந்திருக்கிறாள். குண்டில் மட்டும் கை வைக்க மாட்டாள். வைத்தால் வீடு இரண்டுபடும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தக் குண்டு பட்டடை பார்ப்பதற்கு. கொல்லன் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கிற கனத்த இரும்புக் கட்டைதான் பட்டடை. ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் வால், நடுவில் வழுவழுவென்று ஒரு முகம். நல்ல பட்டடையின் முகத்தில் ஒரு முழ உயரத்திலிருந்து குண்டை விட்டால் முக்கால் முழத்துக்குக் குறையாமல் திரும்பி எழும்பும். கெட்டதில் விட்டால் சோம்பேறி போலக் கிடக்கும். இந்தக் கணக்கை மக்கீனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் வினாயகபுரத்துக் கொல்லர் அழகரெத்தினம். மக்கீனுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது, கொல்லருக்கு முப்பதுகூட ஆகவில்லை.

எழுபத்தாறாம் ஆண்டு அறுவடைக் காலத்தில் மில்லின் தண்டு ஒன்று முறிந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு மக்கீன் அழகரெத்தினத்தின் கொல்லுப்பட்டறையான கம்மாலைக்குப் போனார். முறிந்த இரண்டு துண்டும் உலைக்குள் வெள்ளையாய்க் காய்ந்து, பட்டடையில் நாலு அடி வாங்கி, ஒரே துண்டாகி வெளியே வந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். இருபது வருடம் இரும்போடு கிடந்த மனிதர், இரும்பு இப்படியும் ஒட்டும் என்று அறியாதவராக வாயைப் பிளந்தபடி நின்றார். அன்று திறந்த வாய் பிறகு மூடவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

தனக்கும் ஒரு கம்மாலை வேண்டும் என்ற ஆசை அன்று பிடித்தது. புதுச் சாமான் வாங்கக் கையில் வசதியில்லை. ஆகவே பழையது தேடப் புறப்பட்டார். மருதமுனையில் ஒரு தறிவீட்டில் பாவு நூலை இழுத்துப் பிடிக்கக் கல்லுக்குப் பதிலாக ஒரு சம்மட்டித் தலை தொங்கிக்கொண்டிருந்தது. மக்கீன் அதே நிறைக்கு மணல் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு அதை அவிழ்த்துக்கொண்டு வந்தார். சாய்ந்தமருதில் ஒரு மீன்காரர் ஐஸ் கட்டி தூக்கிய இடுக்கி, உண்மையில் கொல்லன் குறடு; அதையும் வாங்கிவிட்டார். எழுபத்தெட்டில் சூறாவளி அடித்து ஊரே தலைகீழான பிறகு, சாய்ந்த தென்னையின் வேரோடு, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற ஒரு கால்வைஸ் மண்ணுக்குள்ளிருந்து எழும்பி வந்தது. எல்லாரும் கூரைத்தகடு தேடி அலைந்த அந்த வாரத்தில், மக்கீன் வைஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். பார்த்தவர்கள் சூறாவளியில் மனிசனுக்குத் தலை குழம்பிவிட்டது என்றே நினைத்தார்கள்.

"மத்த ஆம்பிளயள் சந்தைக்கிப் போனா மீன் கொண்டு வாற," என்பாள் ஸைனம்பு. "நீங்க கறல் புடிச்ச இரும்பக் கொண்டு வாறீங்க. இதப் போட்டு ஆணம் காச்சட்டா?"

கொண்டு வந்த கறலையெல்லாம் மக்கீன் ஒரே விதமாகத்தான் சுத்தம் செய்தார். மில்லுக்குப் பின்னால் உமி மலைபோலக் குவிந்து, உள்ளே நெருப்பு அணையாமல் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு, தார், கறல் எது பிடித்த சாமானையும் அதற்குள் புதைத்துவிட்டால் மூன்றாம் நாள் கழுவியெடுத்ததுபோல வரும். மில்காரர் எல்லாருக்கும் அது பழகிய வேலை. குறடும் வைஸும் அப்படித்தான் பளிச்சென்று வந்தன. சம்மட்டி மட்டும் உமியில் கிடந்து வந்த பிறகு அடிக்க அடிக்க முகம் மடிந்தது. மக்கீன் சம்மட்டியைத்தான் குறை சொன்னார்.

ஆறு வருடத்தில் எல்லாம் சேர்ந்தது, பட்டடை ஒன்றைத் தவிர. மில் முதலாளி பளீல் ஹாஜியார், "பட்டடை வந்தா நம்மட வளவுல கெழக்கு மூலய எடுத்துக்க மக்கீன்," என்று வாக்குக் கொடுத்திருந்தார். மக்கீன் பார்த்த பட்டடைகளில் குண்டு எழும்பவில்லை. குண்டு எழும்பியவற்றை ஆட்கள் கொடுக்கவில்லை.

எண்பத்திரண்டில் ஒரு தென்னந்தோட்டத்துத் தண்ணீர்ப் பம்ப் திருத்தக் கோமாரிக்குப் போனார். வேலை முடிந்து கடற்கரைப் பக்கமாக வரும்போது, ஒரு குடிசை முற்றத்தில் புன்னை மரத்தடியில் ஒரு கரிய கட்டையைக் கண்டார். அடி முதல் கழுத்து வரை தோணிக்குப் பூசுகிற தார், அடைக்கு மேல் அடையாய்ப் பூசியிருந்தது. முகம் மட்டும் வெளியே மின்னியது. கொம்பும் வாலும் கண்ணில் பட்டதும் மக்கீனுக்குக் கால் நிற்கவில்லை. கேட்காமல் கொள்ளாமல் உள்ளே போய்க் குண்டை எடுத்து விட்டார். விட்ட கைக்கே அது திரும்பி வந்தது.

"சுப்ஹானல்லாஹ்!" என்றார் வாய்விட்டு.

குடிசைக்குள்ளிருந்து ஹவ்வா உம்மா வெளியே வந்தார். அறுபது வயதிருக்கும். கணவர் மீராமுகைதீன் மௌத்தாகி எட்டு மாதம். முற்றத்தில் நிற்கும் அந்நியரைப் பார்த்து அவர் பயப்படவில்லை. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது.

"ஆரு தம்பி? என்ன பாக்குறீங்க?"

மக்கீன் ஊரையும் பெயரையும் சொல்லி, ஆறு வருடக் கதையையும் மூச்சு விடாமல் சொன்னார். ஹவ்வா உம்மா கேட்டு முடித்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார்.

"றோட்டுப் பாலம் கட்ட வந்த வெள்ளக்காரன் உட்டுட்டுப் போன இரும்பு இது. எங்கட மாமா காலத்துல வந்த. வாடைக் காத்து மழைக்குள்ள கர தெரியா தம்பி. தோணிக்காரருக்குத் தெக்கும் வெளங்கா, வடக்கும் வெளங்கா. நான் இதுல மூணு அடி அடிப்பன். அவர் அந்தச் சத்தத்தப் புடிச்சிக்கிட்டு வந்து சேருவார். இருவத்தாறு வரிசம் அப்பிடித்தான் வந்த. கடலால மௌத்து வரல்ல. ஊட்டுப் பாயிலதான் போன, அல்ஹம்துலில்லாஹ்."

மரத்தில் சொருகியிருந்த இரும்புக் கம்பியை எடுத்து அடித்துக் காட்டினார். இரண்டு அடி அடித்தார். கொஞ்சம் நின்றார். கை அசந்துவிட்டதாக்கும் என்று மக்கீன் நினைத்தார். பிறகு மூன்றாவது அடி. பள்ளிவாசலில் பாங்கு முடிந்த பிறகும் காதுக்குள் அது நிற்குமே, அப்படி அந்தச் சத்தம் மணலுக்கு மேலே நின்றது. மக்கீனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு மனிதனை இருபத்தாறு வருடம் வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்த இரும்பு இது. இதைத் தொட்ட கையைக் கழுவலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது.

"நான் மகள்ட ஊட்டோட போகப் போறன்," என்றார் ஹவ்வா உம்மா. "கொண்டு போங்க. காசு வேணா. அமானிதமாத் தாறன். சத்தத்த மட்டும் கெடுத்துராதீங்க. அறுவடை முடிஞ்சி வாற மொதல் வெள்ளி, ஜும்ஆக்குப் பொறவு வந்து ஒருக்காக் கேப்பன்."

அமானிதம் என்றால் சும்மா வார்த்தையில்லை. ஒப்படைத்த பொருளை ஒப்படைத்தபடி காக்காதவன் படைத்தவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். மக்கீன் நெஞ்சில் கை வைத்து, "ஓம்," என்றார்.

பட்டடை மாட்டுவண்டியில் நிந்தவூருக்கு வந்தது. இவ்வளவு பெரிய பொருளைத் தாரும் கறலுமாய் வைத்திருப்பது மரியாதையில்லை என்று மக்கீனுக்குப் பட்டது. மரியாதை செய்யப் போய்த்தான் மனிதர் மாட்டிக்கொண்டார். வழக்கம்போல உமிக்குள் புதைத்தார். மூன்றாம் நாள் தோண்டி எடுத்து, ஆறவிட்டுத் துடைத்தபோது, இடுப்பில் பொறித்திருந்த பழைய நிறை எண்கள்கூடத் தெரிந்தன. அழகென்றால் அப்படியொரு அழகு. பையிலிருந்து குண்டை எடுத்து விட்டார்.

குண்டு 'தொப்' என்று விழுந்து, இருந்த இடத்திலேயே இருந்தது.

சுத்தியலால் அடித்தார். சத்தம் வரவில்லை. முகத்தில் பள்ளம்தான் வந்தது. மக்கீன் அப்படியே உமிச்சாம்பலில் குந்திவிட்டார். ஐம்பத்தொரு வயது மனிதர் அழுதார் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை, அவருக்கும் இருக்கவில்லை. அன்றைக்கு ஸைனம்பு நையாண்டி பண்ணவில்லை. பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அழுது என்ன செய்யிற? அழகரெத்தினத்தக் கூட்டி வாங்க," என்றாள். "ஆனா என்ன நடந்தாலும் அந்த மனிசிக்கிட்ட உள்ளதச் சொல்லணும். அமானிதம்."

அழகரெத்தினம் மறுநாளே பஸ்ஸில் வந்தார். விரல் நகத்தால் பட்டடையைத் தட்டினார். அவருடைய முகம் சுருங்கியது. மக்கீனை அவர் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"உமிக்குள்ள போட்டீங்களா காக்கா? எத்தின நாள்?"

"மூணு."

"இதுர முகத்தச் செவக்கக் காச்சி, தண்ணியில தோச்சித்தான் அந்த இறுக்கத்தக் குடுத்திருக்கான். உமி நெருப்பு மெள்ள மெள்ள அவிச்சி, மெள்ள மெள்ள ஆறவிட்டு அத எடுத்துட்டுது. இப்ப இது வெறும் கட்ட."

"திருப்பிக் குடுக்க ஏலாதா அழகரெத்தினம்?"

கொல்லர் தன் கையைப் பார்த்தார். கத்திக்கும் மண்வெட்டிக்கும் தோய்ச்சல் கொடுத்த கை அது. ஐம்பது கிலோ, ஒரு அந்தர் நிறையுள்ள இரும்புக்கு அவரும் கொடுத்ததில்லை. "வாளித் தண்ணி காணாது. இந்தக் கனத்துக்குத் தண்ணி கொதிச்சி ஆவியாப் போயிரும். மேலயிருந்து விழுந்துகிட்டே இரிக்கிற தண்ணி வேணும். கூடக் காஞ்சா வெடிச்சி ரெண்டாப் போகும். பயமில்லாட்டிச் செய்வம்."

மக்கீனுக்குப் பயம் இருந்தது. ஆனாலும் செய்யச் சொன்னார்.

விழுகிற தண்ணீர் எங்கே என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வயல்வெளியான வட்டைக்குள் பெரிய வாய்க்காலின் துரிசு என்ற மதகு இருக்கிறது. பலகையை உயர்த்தினால் தண்ணீர் ஓர் ஆள் உயரத்திலிருந்து கீழே கொட்டும். அறுவடைக்காக மறித்த தண்ணீரை இன்னும் திறந்துவிடாத நேரம். வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையிடம் கெஞ்சி, கால் மணித்தியாலத்துக்கு அனுமதி வாங்கினார்கள். துரிசுக்குப் பக்கத்தில் குழி வெட்டி, சிரட்டைக்கரியை நிரப்பி, மில்லின் காற்றூதியைக் கை ட்ரெக்டரில் பூட்டி ஊதினார்கள். அந்த வியாழக்கிழமை நண்பகல் லுஹருக்கு மூட்டிய நெருப்பு மாலை அஸர் தாண்டியும் எரிந்தது. அடுத்த நாள்தான் ஹவ்வா உம்மா வரும் வெள்ளி.

பட்டடையை வெளியே எடுக்குமுன் அழகரெத்தினம் குழியோரத்தில் ஒரு கற்பூரம் வைத்தார். மக்கீன் பிஸ்மி சொன்னார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கொவ்வப்பழ நெறம்தான் கணக்கு. செவ்விளனி நெறம் வந்தாக் கெட்டுது," என்று கொல்லர் குழியை விட்டுக் கண் எடுக்காமல் நின்றார். திடீரென்று, "தூக்குங்க!" என்று கத்தினார். நாலு பேர் சங்கிலியில் கோத்துத் தூக்கினார்கள். கரிக்குள்ளிருந்து முழுப் பட்டடையும் கொவ்வைப்பழமாய்ச் சிவந்து எழும்பியது. கொம்பு சிவப்பு, வால் சிவப்பு, இடுப்பில் எண்கள் சிவப்பு. அதற்குள்ளேயே விளக்கு எரிவதுபோல இருந்தது. தூக்கியவர்களில் ஒருவர் கலிமா சொல்லத் தொடங்கிவிட்டார். துரிசின் கீழே வைத்ததும் வட்டவிதானை பலகையை உயர்த்தினார்.

தண்ணீர் விழுந்த சத்தம் கேட்கவில்லை. இரும்பு அலறிய சத்தம்தான் கேட்டது. வெள்ளை ஆவி எழும்பித் துரிசை மூடி, நின்றவர்களை மூடி, வட்டையில் மேய்ந்த கொக்குகளையெல்லாம் கிளப்பிவிட்டது. பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் நின்றபோதுதான், கரை தெரியாத மழைக்குள் தோணியில் இருப்பது எப்படியிருக்கும் என்று மக்கீனுக்கு விளங்கியது. இரும்பு வெடிக்கிற சத்தத்துக்குப் பயந்து காதைப் பொத்தலாமா என்று நினைத்தார். பொத்தவில்லை.

"போதும், மறிங்க! உள்ளுக்குக் கொஞ்சம் சூடு மிஞ்சணும்," என்றது அழகரெத்தினத்தின் குரல்.

ஆவி விலகியது. பட்டடை கறுப்பாய், முழுசாய் இருந்தது. அது ஆறும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பிறகு மக்கீன் பையில் கை விட்டார். குண்டை விட்டார். அது விழுந்து, எழும்பி, அவருடைய விரலில் வந்து முட்டியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஹவ்வா உம்மா மகளோடு பஸ்ஸால் வந்து இறங்கினார். மில் இஞ்சினை நிறுத்தினார்கள். கிழக்கு மூலையில் புதுக் கிடுகுக் கொட்டில். பளீல் ஹாஜியார், ஸைனம்பு, அழகரெத்தினம், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் நின்றார்கள். மக்கீன் சுத்தியலை எடுத்து முகத்தில் மூன்று அடி அடித்தார். சத்தம் கணீரென்று எழும்பியது.

ஹவ்வா உம்மா தலையை ஆட்டினார். "இது இல்லயே தம்பி."

உமியில் போட்டது, சத்தம் செத்தது, துரிசில் தோய்த்தது எல்லாவற்றையும் மக்கீன் ஒன்றுவிடாமல் கொட்டினார். "அமானிதத்தக் கெடுத்துட்டன் உம்மா. என்ன மன்னிச்சிருங்க," என்றார்.

ஹவ்வா உம்மா பட்டடையைத் தடவிப் பார்த்தார். "இதுக்காக நெருப்புக்குள்ளயும் தண்ணிக்குள்ளயும் நிண்டீங்களா?" என்றார் மெதுவாக. "சத்தம் அதேதான். நான் சொன்னது அது இல்ல. நீங்க மூண்டயும் ஒரேயடியா அடிச்சிட்டீங்க. இஞ்ச தாங்க."

சுத்தியலை வாங்கி இரண்டு அடி அடித்தார். நிறுத்தினார். கோமாரியில் நின்றதுபோலவே நின்றார்.

"கை அசந்து நிக்கிற எண்டு நினச்சன்," என்றார் மக்கீன்.

"இல்ல தம்பி. இப்பதான் அவர் தோணியில இருந்து கூப்பிடுற. அந்தக் குரல் எந்தப் பக்கத்தால வருதெண்டு கேட்டுத்தான் மூண்டாவத அடிக்கிற."

கடற்கரை அங்கிருந்து அரை மைல். அலை கேட்டது. மக்கீன் தன்னை அறியாமல் கடல் பக்கம் திரும்பிக் காது கொடுத்தார். அழகரெத்தினமும் திரும்பியிருந்தார். ஸைனம்பு முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹவ்வா உம்மா நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சுத்தியலை மக்கீனின் கையில் வைத்தார்.

"அவர் கர சேந்துட்டார்," என்றார். "மூண்டாவத நீங்க அடிங்க."

மக்கீன் அடித்தார்.